வில் தொடும் முன்

நல்ல வயலின்கள் ஐம்பத்திரண்டாயிரம்.
அறுபது பேர் வரிசையாய் உட்கார்ந்து
ஒரே கையாய் இழுத்த சத்தம்.
அந்தக் காசுக்கு ரோமுலன் அண்ணன்
வள்ளத்துக்கு ஒரு பழைய எஞ்சின் வாங்கிவிடுவார்.
வாங்கியும் கரையில்தான் நிற்பார், அது வேறு கதை.

ஓசி வயலின்களும் உண்டு.
மேல் ஸ்தாயி போனால் கொசு,
கீழே இறங்கினால் ஐஸ் கம்பெனி கம்ப்ரசர்.
வேகமாய் நாலு தரம் தட்டினால்
நாலும் ஒரே அச்சு,
தையல் மெஷின் ஓடுகிற மாதிரி.
மனுசக் கை ஒரு சுரத்தை
இரண்டாம் தடவை அதே மாதிரி இழுக்காது என்பதை
அந்த இலவசத்திடம்தான் கற்றுக்கொண்டேன்.

பெரியபட்டினம் சீனி ஜமால்
குறும்படம் எடுத்திருக்கிறான்.
பாசி எடுக்கும் பெண்கள். பதினோரு நிமிசம்.
"வசனமே கிடையாதுக்கா,
வயலின்தான் பேசணும். ஒரிஜினலா இருக்கணும்."
சம்பளம் மூவாயிரம்.
முன்பணம் ஐந்நூறு,
அதில் ஒரு நோட்டு கிழிசல்.

பகலெல்லாம் இ-சேவை மையத்தில்
அடுத்தவர் ஆதாரில் தகப்பன் பெயரைத்
திருத்திக்கொண்டே காத்திருந்தேன்,
ஞாயிறு நள்ளிரவு முடிகிற தள்ளுபடிக்கு.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஏழே பேர்.
ஏதோ குளிர்நாட்டில்
பள்ளிக்கூட அறையொன்றில் பதிந்ததாம்.
பதினெட்டு ஜிபி.
நாளைக்கு ஒன்றரை வீதம் பன்னிரண்டு நாள்.
தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவுக்கு
சிக்னல் இரண்டு கோடு,
கச்சான் அடித்தால் ஒரு கோடு.
போனை மாடிப்படிக் கம்பியில் கட்டிவிட்டுத்
தூண்டில் போட்டவள் போல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் இறங்கியது.
ஹெட்போன் மாட்டி
ஒரு விரல் வைத்தேன்.

பிரமாதம் இல்லை. அழகுகூட இல்லை.
ஆனால் வில்லின் மயிர் நரம்பைப் பிடித்து
அப்புறம்தான் விட்டது.
ஏழு பேரில் ஒருவர் இம்மி தாமதம்.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்.
நடு ஸ்தாயி பஞ்சமத்தில் மட்டும்,
வில் தொடும் முன்,
இடது காதோரம் ஒரு மனிதர்
மூக்கால் காற்றை இழுக்கிறார்.

எத்தனை தடவை தட்டினாலும் இழுப்பார்.
பழுது என்று நினைத்து
இரண்டு இரவு உட்கார்ந்து வெட்டினேன்.
வெட்டிய பிறகு அந்தச் சுரம்
சுவரிலிருந்து வந்தது போல் இருந்தது.
வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன்.

படத்தில் ஆறாவது நிமிசம்
ராக்கு முங்குகிறாள்.
கண்ணுக்குக் கண்ணாடி, விரலுக்குத் துணிச்சுற்று,
இடுப்பில் வலைப்பை.
நாற்பது நொடிக்கு நீர்மேல் ஒன்றுமில்லை.
ஜமால் அதை வெட்டாமல் விட்டிருக்கிறான், புண்ணியவான்.
நானும் ஒன்றும் வாசிக்கவில்லை.
வலது கை கட்டையில்,
இடது கை சத்தம் ஏற்றும் சக்கரத்தில்,
மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
மேலே வந்து அவள் வாய் திறக்கிற பிரேமில்
பஞ்சமத்தை அழுத்தினேன்.

ராக்குவின் வாய்.
அவருடைய மூச்சு.
அப்புறம்தான் வயலின்.

அவர் கடலே பார்த்திராதவராக இருக்கலாம்.
அன்றைக்கு அவருக்குச் சளி பிடித்திருக்கலாம்.

ஜமால் மீன் ஏலத்தில் நின்றுகொண்டு
போன் ஸ்பீக்கரில் கேட்டான்.
பின்னால் யாரோ நண்டுக்கு விலை கத்தினார்.
"வாசிச்சது யாருக்கா, நம்ம ஊர் ஆளா?"
"ஏழு பேருடா."
"ஏழு பேருக்குமா சம்பளம்?" என்று பதறினான்.

மீதி இரண்டாயிரத்து ஐந்நூறு
இன்னும் வரவில்லை.
வயலின் அருமை,
அந்த மூச்சை மட்டும் கொஞ்சம் குறைச்சிருங்க என்றான்.
சரி என்றேன்.
குறைக்கவில்லை.